வெஞ்சர்: ஒரு சொல்லின் கதை

(மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியது)

ஓர் ஆங்கிலச் சொல்லால் வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி ஆனவள் நான். அதே சொல் ஆறு மாதத்திற்குள் என்னை அழவும் வைத்தது. அந்தச் சொல்லின் கதையைத்தான் இங்கே எழுதத் துணிகிறேன். ‘துணிகிறேன்’ என்று எழுதியதற்கும் ஒரு காரணம் உண்டு. கட்டுரை முடிவதற்குள் அது உங்களுக்கே விளங்கும்.

2023 ஜூலை மாதம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டர் பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். ஏழாவது சொல் ‘வெஞ்சர்’. என் சிறிய அகராதியில் ‘துணிகரச் செயல்’ என்று போட்டிருந்தது. அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் குற்றாலம் போய்வந்திருந்தோம். உடனே, ‘நாங்கள் குற்றாலத்திற்கு ஒரு வெஞ்சர் போனோம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைப் பெருமையோடு எழுதி வைத்தேன்.

சிஸ்டர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டு, “குற்றாலத்திற்குப் போகும்போது நீ எதைப் பணயம் வைத்தாய்?” என்று கேட்டார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. “ஒரு செருப்பு தண்ணீரில் போய்விட்டது, சிஸ்டர்” என்றேன். வகுப்பே குலுங்கியது. சிஸ்டரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு பொறுமையாக விளக்கினார்கள். அட்வெஞ்சர் வேறு, வெஞ்சர் வேறு. மலை ஏறுவது, காட்டில் கூடாரம் அடிப்பது போன்ற சாகசங்கள் அட்வெஞ்சர். அதில் வியப்பும் கிளர்ச்சியும் முக்கியம். வெஞ்சர் என்றால், தன்னுடையது ஒன்றை முன்னே வைத்துவிட்டு ஒரு காரியத்தில் இறங்குவது. வைத்தது திரும்பி வரலாம், பெருகியும் வரலாம், வராமலும் போகலாம். “உன்னுடையது எதை வைத்தாய்? முடிவு உன் கையில் இல்லை என்று உனக்குத் தெரியுமா? தெரிந்த பிறகும் போகிறாயா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால்தான் அது வெஞ்சர்” என்றார்கள்.

வினைச்சொல்லாகவும் இது வரும். புயலடிக்கும் நேரத்தில் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே இறங்கினால் அவர் ‘வெஞ்சர்’ செய்கிறார். பெரியவர்கள் இருக்கும் சபையில் ஓர் இளையவர் தயங்கித் தயங்கித் தம் கருத்தைச் சொன்னாலும் இதே சொல்தான். அங்கே அவர் முன்வைப்பது பணம் அன்று. ‘இவளுக்கு என்ன தெரியும்?’ என்று பிறர் நினைத்துவிடக்கூடும் அல்லவா? அந்த மதிப்பைத்தான் அவர் பணயம் வைக்கிறார்.

செருப்புக் கதையின் வெட்கம் தீரவேண்டுமே! அன்று மாலையே நூலகத்திற்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். அதில் கண்டது என்னை வியப்பில் ஆழ்த்தியது.

வெஞ்சர் என்பது தனியாகப் பிறந்த சொல் அன்று. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த ‘அவெஞ்சர்’ என்ற பழைய சொல்லின் முதலெழுத்து தேய்ந்து, 15-ஆம் நூற்றாண்டில் ‘வெஞ்சர்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்பதைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல் என்று அந்த முதலெழுத்தை மக்கள் கருதிவிட்டார்களாம்! இரண்டிற்கும் மூலம் ‘வந்து சேர்தல்’ என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வினைச்சொல். ‘வரப்போவது’ என்பதே வேர்ப்பொருள். அதே வினையிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அதுதான் ‘அட்வெந்து’, அதாவது நம் திருவருகைக் காலம்! வணிகனின் வெஞ்சரும் ஆலயத்தில் நான்கு மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கும் காலமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அன்றுதான் அறிந்தேன்.

இச்சொல் அதிகமாகப் புழங்கிய இடம் கடல் வணிகம். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் அந்தோனியோ தன் பொருளையெல்லாம் ஒரே கப்பலில் ஏற்றவில்லை என்று ஆறுதல் கொள்கிறான். அப்படி அனுப்பப்படும் சரக்கிற்கும் வெஞ்சர் என்றே பெயர். 1600 டிசம்பர் 31 அன்று அரசியின் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியில் பணம் போட்டவர்களை ‘அட்வெஞ்சரர்’ என்றே அழைத்தார்கள். அவர்கள் அனுப்பிய முதல் கப்பல்கள் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் 1601-ல் புறப்பட்டு 1603-ல்தான் ஊர் திரும்பின. மாலுமிகளில் பலர் வழியிலேயே நோயுற்று இறந்தனர்.

1620-ல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்றவர்களின் கதையில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. லண்டனில் இருந்தபடி பணம் கொடுத்தவர்களுக்குத்தான் அட்வெஞ்சரர் என்று பெயர். உயிரைக் கொடுத்துப் பனியில் குடியேறியவர்களுக்கோ ‘பிளான்டர்’, அதாவது குடியேறி நிலைநாட்டுவோர் என்று பெயர். அந்த முதல் குளிர்காலத்திலேயே அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். பணத்தை வைத்தவருக்கு வீரப் பட்டம். உடலை வைத்தவருக்கு அது இல்லை! இன்று செய்தித்தாள்களில் காணும் ‘வெஞ்சர் கேப்பிட்டல்’, அதாவது துணிகர முதலீடு என்பதும் இந்தப் பணம் போடுவோரின் வழிவந்ததே. எனவே எந்த வெஞ்சரைப் பற்றிக் கேட்டாலும், ‘இதில் யார் எதை வைத்தார்கள்?’ என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

அந்தக் கேள்வி இவ்வளவு விரைவில் எங்கள் வீட்டு வாசலுக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை.

என் அம்மா பல ஆண்டுகளாக ஒரு பேக்கரியில் மக்ரூன் பிழியும் வேலைக்குப் போய்வந்தார்கள். தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க நுரைக்க அடித்து, பொடித்த முந்திரியைச் சேர்த்து, காகிதக் கூம்பில் இட்டுப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் வேகவைக்க வேண்டும். வாயில் இட்டால் கரையும். ஈரக் காற்றுப் பட்டால் பிசுபிசுத்துப் போகும். மக்ரூனுக்கு ஈரம் எதிரி!

அந்த ஆகஸ்டு மாதம், வீட்டிலேயே சொந்தமாக மக்ரூன் போட அம்மா விரும்பினார்கள். கையில் பணம் இல்லை. இருந்தது ஐந்து பவுன் சங்கிலி ஒன்றுதான். அதை என் மேற்படிப்பிற்கென்று வைத்திருந்தார்கள். எனக்குச் செவிலியர் படிப்புப் படிக்க ஆசை.

ஆச்சிக்கு இது பிடிக்கவே இல்லை. என் தாத்தா தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றவர். “கடலுக்குப் போனவரு வருவாரா மாட்டாரான்னு முப்பது வருசம் வாசல்ல நின்னவ நானு. இப்ப வீட்டுக்குள்ளயும் ஒரு கடலைக் கொண்டாராதீங்க” என்றார்கள் ஆச்சி.

அப்பா ஒன்றும் மறுக்கவில்லை. அவர்கள் துறைமுகத்தில் லாரிக் கணக்கு எழுதுபவர்கள். என் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டார்கள். போனால் என்ன போகும்? வந்தால் என்ன வரும்? அதற்குப் பின் என்ன மிஞ்சும்? திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் 47-ஆம் அதிகாரத்தின் முதற்குறளும் இதே மூன்றையும் ஆராயச் சொல்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ! வங்கியில் சங்கிலியை வைத்தால் ஒன்றரை இலட்சம் கிடைக்கும். பழைய ஓவன் ஒன்று 62,000. முட்டை அடிக்கும் இயந்திரம் 28,000. முந்திரி, சர்க்கரை, தட்டுகள், டின்கள் 35,000. மிச்சம் 25,000. “இந்த இருபத்தஞ்சை மட்டும் என்ன ஆனாலும் தொடக்கூடாது” என்று அப்பா அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். அந்தோனியோ சரக்கையெல்லாம் ஒரே கப்பலில் ஏற்றாதது என் நினைவுக்கு வந்தது.

கடைசியில் அம்மா என்னைப் பார்த்தார்கள். “உன் படிப்புக்கு வச்சது. நீ சொன்னாத்தான் எடுப்பேன்.”

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் “எடுங்கம்மா” என்றேன்.

இங்கே நம் தமிழ்ச் சொல்லையும் சற்று நினைத்துப் பார்ப்போம். ‘துணிதல்’ என்றால் அஞ்சாமல் இறங்குதல் மட்டும் அன்று; முடிவு செய்தல் என்பதும் அதன் பொருள். ‘துணித்தல்’ என்றால் வெட்டுதல். கடையில் அறுத்துத் தருவதும் ‘துணி’தானே! மனத்தின் ஐயத்தை அறுத்துவிட்டால் அது துணிவு. ஆங்கிலத்தில் முடிவு செய்தலைக் குறிக்கும் ‘டிசைட்’ என்ற சொல்லும் வெட்டுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்தே வந்தது. வெஞ்சர் என்னும் சொல் வரப்போவதைப் பார்க்கிறது. துணிவு என்னும் சொல் போகிறவரின் உள்ளத்தைப் பார்க்கிறது. முதலில் எண்ணிவிட்டுத்தான் துணிய வேண்டும், இறங்கிய பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்று வள்ளுவர் அதே அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

தொழில் மெல்ல நடந்தது. மிஞ்சிய மஞ்சள்கருவை என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று மாதம் நாங்கள் முட்டைப் பொரியலாகவே தின்றோம்! நவம்பருக்குள் ஆறு கடைகள் வாடிக்கையாயின. கிறிஸ்துமஸுக்கு மட்டும் நாற்பது கிலோவுக்கு முன்பதிவு வந்தது. அம்மா கடனுக்கு முந்திரி வாங்கி வீட்டில் அடுக்கினார்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அன்றும் மறுநாளும் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! எங்கள் தெரு குளமாயிற்று. வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். நாங்கள் மாடி வீட்டுக்காரர்களிடம் ஒண்டிக்கொண்டோம். நாலு நாள் கழித்து இறங்கி வந்தபோது ஓவனுக்குள் சேறு, முந்திரி மூட்டையில் பூஞ்சை, சர்க்கரை இருந்த டின்னில் வெறும் தண்ணீர்.

அப்போது நான் செய்த தவற்றை இங்கே மறைக்க விரும்பவில்லை. அம்மா குனிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே, “என்கிட்ட கேட்டப்ப நான் சின்னப் பிள்ளதான! எனக்கு என்ன தெரியும்? என் படிப்பே போச்சு” என்று கத்தினேன்.

அம்மா நிமிரவில்லை. “ஆமா பிள்ள, ஒங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதுதான்” என்று மட்டும் சொன்னார்கள். மறுபடியும் தட்டைத் தேய்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் நான் அம்மாவின் பக்கத்தில் நிற்கவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தது. ஒழுக்கக் கல்வி வகுப்பில் சிஸ்டர் தாலந்து உவமையை விளக்கினார்கள். ஐந்து தாலந்து பெற்றவர் வணிகம் செய்து இன்னும் ஐந்து ஈட்டினார். இரண்டு பெற்றவர் இன்னும் இரண்டு ஈட்டினார். ஒன்று பெற்றவரோ பயந்து நிலத்தில் புதைத்து வைத்தார். ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் ஏறக்குறைய இருபது ஆண்டுக் கூலிக்குச் சமம் என்றும் சிஸ்டர் சொன்னார்கள்.

என் கை தானாக உயர்ந்தது. “சிஸ்டர், நாலாவதாக ஒருவர் இருந்து, அவரும் வணிகம் செய்து, எல்லாவற்றையும் இழந்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றிருந்தால்?”

சிஸ்டர் சற்று நேரம் பேசவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்றார்கள்.

மறுநாள் என்னைத் தனியே அழைத்தார்கள். “அந்த நாலாம் ஊழியர் உவமையில் இல்லை. ஆனால் தலைவர் எதற்காகக் கோபித்தார் என்று பார். அவர் ஒரு காசு இழப்பையும் கண்டிக்கவில்லை. பயத்தையும் குழியையுமே கண்டிக்கிறார். உழைத்தும் இழந்தவரை அவர் எப்படி வரவேற்றிருப்பார் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் உன் வீட்டிலே அப்படி ஒருவர் இருக்கிறார்கள் என்றால், அவர்களை நீ எப்படி வரவேற்கிறாய் என்று நீ சொல்லலாம் அல்லவா?”

எங்கள் வீட்டு நிலையை நான் சிஸ்டரிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டார்களோ!

அன்று சாயங்காலம் வீட்டிற்கு வந்தேன். அப்பா வட்டம் போட்டு வைத்திருந்த 25,000 ரூபாயில் ஓவனைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அம்மா ஒரு கிலோ முந்திரியோடு மறுபடியும் தொடங்கியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காகிதக் கூம்பை எடுத்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே, “கூம்பை நேராப் பிடி. நுனி சாயக்கூடாது” என்றார்கள். அவ்வளவுதான். அதிலேயே எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

அன்றுதான் சிஸ்டரின் மூன்று கேள்விகளுக்கும் எனக்கு முழுப்பொருள் விளங்கியது. அம்மா சங்கிலியையும் வைத்தார்கள். தம் உடலுழைப்பையும் வைத்தார்கள். நானோ ‘எடுங்கம்மா’ என்று ஒரு சொல்லை மட்டும் வைத்தேன். வெள்ளம் வந்ததும் அதையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்! இலாபம் வரும்வரை கூட்டாளி, நட்டம் வந்தால் சின்னப் பிள்ளை என்றால் அது கூட்டு முயற்சி ஆகுமா?

ஒன்றைச் சொல்ல மறந்துவிடக்கூடாது. துணிந்து செய்வதெல்லாம் வெஞ்சர் ஆகிவிடாது. பழைய ஆங்கில விவிலியத்தில் ஒரு வீரன் குறிபாராமல் எய்த அம்பு ஆகாபு அரசன்மேல் படும் இடத்தில், ‘குத்துமதிப்பாக’ என்ற பொருளில் இதே சொல் வருகிறது. அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எய்வதும் உண்டு. கைப்பேசியில் பணம் கட்டிச் சீட்டாடுவதும் அந்த வகைதான். சூதில் பணத்தை வைத்த பிறகு நம் உழைப்பிற்கு இடமில்லை. வெஞ்சரில் வைத்த பிறகுதான் உழைப்பே தொடங்குகிறது. சூதாடுபவர் வீட்டில் யாரையும் கேட்பதில்லை. என் அம்மா பதினைந்து வயதுப் பெண்ணாகிய என்னையும் கேட்டார்கள்.

இன்று கடனில் எண்பதாயிரம் அடைந்துவிட்டது. எழுபதாயிரம் மீதி. சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போதும் அது அங்கேதான் இருக்கும். வரும் கல்வியாண்டில் எனக்கு இடம் கிடைக்குமா, பணம் திரளுமா என்று தெரியாது. ஆனால் எங்கள் மக்ரூன் கணக்கை இப்போது நான்தான் எழுதுகிறேன். அப்பாவைப் போல மூன்று கட்டம் போட்டுத்தான் எழுதுகிறேன். ஓவனை இரண்டடி உயர மேடைமேல் ஏற்றியிருக்கிறோம்!

திருவருகைக் காலம் வரும்போதெல்லாம் அந்த வேர்ச்சொல் எனக்கு நினைவு வருகிறது. வானதூதர் வந்து நின்றபோது நம் அன்னை மரியா தம் வாழ்வு முழுவதையும் முன்வைத்தார்கள். முடிவு தம் கையில் இல்லை என்று அறிந்திருந்தார்கள். அறிந்தும் ஆகட்டும் என்றார்கள். சொன்ன சொல்லைச் சிலுவையடியில் நின்றபோதும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

தோழியரே, அடுத்த ஆண்டு இந்த வாயிலைக் கடந்து நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை வைத்து இறங்கத்தான் போகிறோம். எண்ணிவிட்டு இறங்குவோம். நம்மோடு இறங்கியவர் இழந்து நிற்கும்போது அவர் பக்கத்திலேயே நிற்போம். அதற்கான மனத்தை வரப்போகிற ஆண்டவர் நமக்கு அருள்வாராக!

சிஸ்டர், ஏழாவது சொல்லுக்கு என் வாக்கியத்தை இப்போது திருத்தி எழுதிவிட்டேன். ‘என் அம்மா ஒரு வெஞ்சரில் இறங்கினார்கள், நானும் கூட இருக்கிறேன்.’ இது சரிதானே?